காக்கை இறங்காத மாடி

கைப்பிடிச் சுவரின்மேல் வாழையிலை. இலையில் சோறு, அதன் தலையில் பருப்பும் நெய்யும், பக்கத்தில் வாழைக்காய்ப் பொரியல், இரண்டு வடை, வழிந்தோடப் பார்க்கும் ஒரு கரண்டி பாயசம். இலையைச் சுற்றித் தெளித்த தண்ணீர் வெயிலில் காய்ந்து, சுவரில் வெறும் கறையாகிக்கொண்டிருந்தது.

“கா... கா... கா...”

வீட்டுக்கார சரசம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். முழங்கால் வலிக்காரர். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்கி மாடிக்கு வந்திருந்தார்.

எதிரே மின்கம்பத்தில் காக்கைகள் இருந்தன. இல்லாமல் இல்லை. தலையைச் சாய்த்து இலையைப் பார்த்தன. பிறகு எங்கள் மாடியை ஒரு நோட்டம் விட்டன. பிறகு பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டன.

அன்று தை அமாவாசை. சரவணம்பட்டியில் எங்கள் தெருவில் எல்லா மாடியிலும் இலை இருந்தது. காக்கைகளுக்கு அன்று ஒரே நாளில் பத்து வீட்டுக் கல்யாணம். பக்கத்து மாடியில் ஒன்று வடையைத் தூக்கிக்கொண்டு பறந்தது, இன்னொன்று அப்பளத்தோடு சண்டை போட்டது. எங்கள் மாடிக்கு மட்டும் ஒன்றுகூட இறங்கவில்லை.

காக்கை வாய் வைத்த பிறகுதான் வீட்டில் இலை போடுவார்கள். கீழே சரசம்மாவின் மருமகள் சமையலை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பெருந்துறையிலிருந்து வந்திருந்த மகன் பிரபு, அப்பாவுக்கு இலை வைத்த கையோடு மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

“ஏனுங்க, பசிக்கலையாங்க உங்களுக்கு? வந்துபோட்டுப் போங்க. புடிச்ச வாழக்கா வெச்சிருக்குது பாருங்க” என்று சரசம்மா காற்றைப் பார்த்துச் சொன்னார். கணவர் போனபின் அவருக்கு அது இரண்டாவது தை அமாவாசை.

எங்கள் அறை வாசலில் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். காக்கை ஏன் வரவில்லை என்று அந்த மாடியில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று அம்மா. இன்னொன்று நான்.

கேட்காத கேள்வி

போன வாரம் வீடு தேடி அலைந்த கதையை எழுதியிருந்தேன். “கடைசியில் கிடைத்ததா இல்லையா என்று சொல்லாமலே விட்டுவிட்டாயே தம்பி” என்று வாசகி ஒருவர் கடிந்துகொண்டார். கிடைத்தது. அதுதான் இந்த மாடி.

பார்த்த வீட்டிலெல்லாம் ஒரே வரிசையில்தான் கேள்வி வரும். முதலில் “எந்தூருங்க?” அடுத்தது “அங்க யாரு ஊடுங்க?” மூன்றாவது கேள்வி வராது, நாங்களே சொல்லிவிடுவோம் என்று காத்திருப்பார்கள். சொன்ன பிறகு, “சொந்தக்காரங்க கேட்டிருக்காங்க, மறந்தே போனேன் பாருங்க” என்பார்கள். அவர்களைக் கடுமையானவர்கள் என்று சொல்லமாட்டேன். எல்லாருமே காப்பி கொடுத்துத்தான் அனுப்பினார்கள்.

சரசம்மா கேட்டது ஒன்றே ஒன்று. “தண்ணி எச்சாப் புழங்குவீங்களா? மோட்டாரு நாந்தான் போடுவேன், ஆமா.”

அவ்வளவுதான். அடுத்த வாரமே அம்மாவைக் கூட்டிவந்தேன். அம்மாவுக்கு வீட்டைவிட அந்தக் கேள்வி வராததுதான் பெரிய ஆச்சரியம்.

“இன்னும் கேக்கல கண்ணு. கேக்கற மாதிரி நாம நடந்துக்கக் கூடாது” என்றாள்.

அதனால் மாடியில் பூனை மாதிரி நடந்தாள். குடத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தாள். யாரும் சொல்லாமலே படியைக் கூட்டினாள். சரசம்மா கீழேயிருந்து, “ஏனம்மிணி, மேல ஆளு இருக்கறீங்களா இல்லையா?” என்று கேட்கும் அளவுக்கு அமைதி.

நான் ஆபீஸ் போனபின் அம்மாவுக்குப் பேச்சுத் துணையில்லை. விவரம் தெரிந்த நாள்முதல் காட்டு வேலைக்குப் போனவள். உட்கார்ந்திருக்கத் தெரியாது. ஒரு மாதம் கழித்து மெதுவாகக் கேட்டாள்: “நான் ஊருக்கே போயிரட்டுமா?”

அப்போதுதான் குருவி வந்தது.

பாட்டிலும் இரண்டு மரக்கரண்டியும்

ஆபீஸ் நண்பன் ஒருவன் வீட்டில் பார்த்ததுதான். தண்ணீர் பாட்டிலில் ஓட்டை போட்டு, குறுக்கே இரண்டு மரக்கரண்டி செருகினால், கரண்டிக் குழியில் தானியம் தானாக இறங்கும். குருவி காம்பில் உட்கார்ந்து சாப்பிடும். துணி காயப்போடும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். தீவனக் கடையில் கம்பும் தினையும் உடைத்த சோளமும் வாங்கிவந்தேன். பக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சியில் தண்ணீர்.

“குருவிக்குக் காசு குடுத்துக் கம்பு வாங்கறவன இப்பத்தான் பாக்கறேன்” என்றாள் அம்மா.

முதலில் ஒரு சிட்டுக்குருவிதான் வந்தது. அதுவும் பாட்டிலைச் சீண்டவில்லை, கீழே சிந்தியதைத்தான் பொறுக்கியது. நாலு நாளில் அதன் குடும்பமே வந்தது. பிறகு தினைக்குருவிகள், வரிசையாகக் கம்பியில், ரேஷன் கடைக்கு நிற்பதுபோல. கார்த்திகை பிறந்து காலையில் பனி இறங்க ஆரம்பித்தபோது, அதற்கு முன் பார்த்திராத முகங்களெல்லாம் வந்தன.

மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற இடத்துக்கு ஒரு வாலாட்டி வந்தது. மஞ்சள் வயிறு. ஓடும், நிற்கும், வாலை ஆட்டும், மறுபடி ஓடும். அம்மா அதற்கு மேஸ்திரி என்று பேர் வைத்தாள். “வேல செய்யறதில்ல. சும்மா அங்கயும் இங்கயும் போயிப் போயிப் பாத்துக்கறது.”

வீட்டுக்குப் பின்னால், பொடக்காலியில், சரசம்மாவின் கறிவேப்பிலை மரம் மாடிவரைக்கும் வளர்ந்திருந்தது. அதற்குள்ளிருந்து ஒன்று, யாரோ லைட் சுவிட்சைத் தட்டுவதுபோல, “டக்... டக்...” என்றுகொண்டே இருக்கும். ஆளைக் காட்டாது. ஒரு மாதம் தேடி, கடைசியில் பார்த்தபோது ஏமாந்துபோனேன். காய்ந்த இலை நிறத்தில் கட்டைவிரல் அளவுக் குருவி. கதிர்க்குருவி என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மலையும் பாலைவனமும் தாண்டி, குளிருக்கு இங்கே வருகிறதாம். அம்மாவிடம் சொன்னேன்.

“அத்தன தூரம் பறந்து வந்து, கறிவேப்பிலைக்குள்ள ஒளிஞ்சுக்குது பாரு” என்றாள். அவளுக்கு அதன்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

ஊருக்குப் போகிறேன் என்ற பேச்சு அதன்பிறகு எழவில்லை. நான் ஆபீஸிலிருந்து வந்ததும் அன்றைய சேதி கிடைக்கும். “கொண்டைக்குருவி ரெண்டும் இன்னைக்குச் சண்ட.” “மேஸ்திரி மத்தியானம் வரல, லீவாட்ட இருக்குது.”

மார்கழியில் ஒருநாள் சோளக்குருவிக் கூட்டம் இறங்கியது. கறுப்புத் தலை, கறுப்பு இறக்கை, நடுவில் வெளுத்துப்போன ரோஜா நிறம். வடக்கே எங்கேயோ இருந்து குளிர்காலத்தில் நம் பக்கம் வருபவை. மாடி முழுக்க ஒரே கூச்சல். அம்மா அறைக்குள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டதும் அரிவாள்மனையை விட்டு எழுந்து ஓடிவந்து, இரண்டு கையையும் தூக்கி, “ஓஓஓ... ஹேய்ய்ய்!” என்று ஒரு குரல் கொடுத்தாள் பாருங்கள். கூட்டம் மொத்தமும் எழுந்து பறந்தது. எதிர்வீட்டில் ஒரு ஜன்னல் திறந்தது.

“அம்மா, அதுகளுக்குத்தான வெச்சிருக்குது!”

அம்மா தூக்கிய கையை அப்படியே வாய்க்குக் கொண்டுபோய்ப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பரண்மேல் இருந்தவள்

சின்ன வயதில் அம்மாவின் வேலை குருவி ஓட்டுவது. சோளம் பால் பிடிக்கும்போது காட்டுக்கு நடுவே பரண் கட்டி அவளை ஏற்றிவிடுவார்கள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தகரத்தைத் தட்டுவாள், குரல் கொடுப்பாள், கவண் சுற்றுவாள். கவணில் வைப்பது கல்லில்லை, மண்கட்டி. குருவிமேல் படக் கூடாது. அது உட்காரப்போகிற இடத்தில் போய் விழ வேண்டும்.

“பள்ளிக்கூடம் பக்கந்தான். மணி அடிச்சாக் குருவியெல்லாம் எந்திரிச்சுப் போயிரும். எனக்குப் பள்ளிக்கூடத்தால கெடச்ச ஒதவி அது ஒண்ணுதான்” என்பாள்.

இதை அவள் நகைச்சுவையாகத்தான் சொல்வாள். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்றபோது எனக்கு அந்த மணிதான் ஞாபகம் வந்தது. சரி, அது வேறு கதை.

ஆபீஸ் கயிறு

குருவிகள் வந்தால் காக்கையும் வருமில்லையா? வந்தது. கொட்டாங்குச்சியைக் கவிழ்த்தது. பாட்டிலில் தொங்கி ஆடிக் கம்பையெல்லாம் கொட்டியது. ஒருநாள் தினைக்குருவி ஒன்றை மாடிச்சுவர்வரை துரத்தியது.

அம்மா பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு சாயங்காலம், என் பழைய அடையாள அட்டைக் கயிற்றைக் கேட்டாள். கழுத்தில் மாட்டுகிற நீல நாடா. “எதுக்கும்மா?” என்றேன். “இருக்கட்டும் குடு” என்றாள்.

மறுநாள் பார்த்தால் அது கவணாகியிருந்தது. நடுவில் ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்து, ஒரு நுனியில் விரல் நுழைய முடிச்சு. பூந்தொட்டி மண்ணை உருட்டிக் காயவைத்த கட்டிகள் வரிசையாகச் சுவரோரம். ஒரு சுற்று, ஒரு விர்ர். மண்கட்டி காக்கைக்கு ஒரு முழம் தள்ளிச் சுவரில் பட்டுத் தூளாகும். காக்கை பறந்துவிடும்.

எந்த வேலையையும் பாதியில் விட்டு அம்மாவுக்குப் பழக்கமில்லை. மார்கழி முடிவதற்குள், அம்மா வெறுங்கையைத் தூக்கினாலே போதும் என்றாகிவிட்டது. அதற்கும் பிறகு, அவளைப் பார்த்தாலே போதும். எங்கள் மாடிக்கு மேலே பறக்கும் காக்கைகூடச் சற்று வளைந்துதான் போகும். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சரசம்மா முழங்கால் வலியால் மாடிக்கு வருவதில்லை. அமாவாசைக்கு மட்டுந்தான் ஏறுவார். மார்கழி அமாவாசைக்கு அவர் மகன் வீட்டுக்குப் போயிருந்தார். ஆகவே, ஒரு வீட்டில் காக்கையே இறங்காமல் செய்துவிட்டால் அமாவாசையன்று என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

தொட்டிக்குப் பின்னால்

“கா... கா...” சரசம்மாவுக்குக் குரல் கம்மிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, “என்ன கோவமோ தெரியலயே” என்றார். கண் கலங்கியிருந்தது.

அதற்குமேல் அம்மாவால் நிற்க முடியவில்லை. வாசலைவிட்டு வெளியே வந்தாள்.

“அவரு கோவமில்லீங்க. காக்கா எனக்குத்தான் பயந்துட்டு வரமாட்டீங்குது. குருவியக் கொத்துதுன்னு நாந்தானுங்க ஓட்டி உட்டுப்போட்டேன். இந்த நாள நெனைக்காமப் போயிட்டனுங்க.”

பிரபு நடப்பதை நிறுத்தினார். “ஓட்டி உட்டுட்டீங்களா? குருவிக்குத் தீனி வெச்சுட்டு, காக்காய ஓட்டுனீங்களா? ரொம்ப நல்லா இருக்குதுங்க!” பிறகு அவர் தன் அம்மா பக்கம் திரும்பினார். “விசாரிச்சு ஊடு உடுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா?”

விசாரிச்சு. அந்தச் சொல் விழுந்ததும் நான் அம்மாவைத்தான் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“நான் கண்மறைவாப் போயிர்றனுங்க. நான் இல்லீன்னா வந்துரும். பஸ் ஸ்டாப்புல போயி உக்காந்திருக்கறேன். எல்லாரும் சாப்புட்டதும் வாரேன்.”

என் அம்மாவுக்கு இது புதிதில்லை. பெரியவீட்டு நல்லது கெட்டதுகளில் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அங்கேயெல்லாம் ஒதுங்கிப் பழகியவள், நான் வாடகை கொடுக்கும் மாடியிலிருந்தும் ஒதுங்கப் போகிறாள். “நீ எங்கயும் போக வேண்டாம்மா” என்று நான் சொல்ல வாயெடுத்தேன்.

“இந்த வெயில்ல பஸ் ஸ்டாப்புல உக்காந்து என்ன பண்றதா உத்தேசம்?” சரசம்மா முந்திக்கொண்டார். “அந்தத் தொட்டிக்குப் பின்னால போ. அங்க இருந்தாத் தெரியாது.” பிறகு மகனிடம், “நீ கீழ போயி வடைய எண்ணீட்டு இரு. உம்மூஞ்சியப் பாத்தா மனுசனே கிட்ட வரமாட்டான், காக்கா எங்க வரும்?”

பிரபு முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். எனக்கு, அறைக்குள் போய் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொல்லும்படி உத்தரவு. அம்மா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்த் தரையில் குந்தினாள். சரசம்மா ஒரு நிமிடம் இலையைப் பார்த்து நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, மெல்லக் காலை எடுத்து வைத்து அவரும் தொட்டிக்குப் பின்னாலேயே போனார். அங்கே துணி துவைக்கிற கல் ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்தார்.

“நிக்க முடியல. நானுந்தான் கத்திக் கத்தி அதுகளப் பயமுறுத்தீட்டு இருக்கறேன்.”

தொட்டி எங்கள் ஜன்னலை ஒட்டியிருந்தது. அவர்கள் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது, பேசியது எல்லாம் கேட்டது.

“என்னத்துல ஓட்டுனே?”

“கவணுங்க.”

“டவுனுக்குள்ள கவணு ஏது?”

அம்மா மடியிலிருந்து நீல நாடாவை எடுத்துக் கொடுத்தாள். சரசம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இங்கிலீசுல என்னமோ எழுதியிருக்குதே?”

“பையனோட ஆபீசு கயிறுங்க. என்ன எழுதியிருக்குதுன்னு அந்தக் காக்காய்க்குத்தான் தெரியும்.”

சரசம்மாவின் தோள் குலுங்கியது. சத்தம் வராமல் சிரித்தார்.

“இப்படி ஓட்டறதுக்கு எங்க பழகுனே?”

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“சோளக்காட்டுலீங்க. எங்கூருக்குத் தெக்கால, பண்ணாடி காடு. எங்க காலனிய ஒட்டினாப்ல இருக்குமுங்க.”

எங்கள் பக்கத்தில் நிலக்காரரைப் ‘பண்ணாடி’ என்று சொல்லி, ‘எங்க காலனி’ என்றும் சொல்லிவிட்டால் போதும். அதற்குமேல் எவரும் விசாரிக்க வேண்டியதில்லை. இத்தனை மாதம் பூனை நடை நடந்தவள், கேட்காத கேள்விக்குத் தானே பதில் சொல்லிவிட்டாள்.

சரசம்மா நாடாவை விரலில் சுற்றி அவிழ்த்தார். மறுபடி சுற்றினார். உச்சி வெயில் ஏறியதில் தொட்டியின் நிழல் சுருங்கிக்கொண்டே வந்து, அம்மாவின் தோளில் வெயில் பட்டது.

“வெயிலு உம்மேல அடிக்குது. இக்கட்ட வா.”

“பரவால்லீங்க.”

“வான்னா வா. கல்லு ரெண்டு பேருக்குப் போதும்.”

அம்மா எழுந்து கல்லின் ஓரத்தில், பாதி உடம்பு வெளியே இருக்கும்படி உட்கார்ந்தாள். சரசம்மா நகர்ந்து இடம் விட்டார். அம்மா இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தாள்.

“எங்கப்பனுக்கும் சோளக்காடு இருந்துச்சு” என்றார் சரசம்மா. “பரண்மேல புள்ளைங்க நின்னு கவணு சுத்தறதப் பாத்தா எனக்கு ஒரே பொறாமையா இருக்கும். என்னைய ஏறவே உடமாட்டாங்க.”

“பொறாமப்படறதுக்கு அதுல ஒண்ணுமில்லீங்க” என்றாள் அம்மா.

சரசம்மா கையிலிருந்த நாடாவைப் பார்த்தார். “இருக்காதுதான்” என்றார்.

மாடி அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்கு முதலில் வந்தவை சிட்டுக்குருவிகள்தான். மரக்கரண்டிக் காம்பில் இரண்டு உட்கார்ந்தன. வாலாட்டி வந்து ஓடிப் பார்த்துவிட்டுப் போனது. பிறகு மின்கம்பத்திலிருந்து ஒரு காக்கை கேபிள் வயருக்கு மாறியது. அங்கிருந்து சுவரின் கோடிக்கு. ஒவ்வொரு அடியாகப் பக்கவாட்டில் நகர்ந்து வந்தது.

“வந்துருச்சா?” சரசம்மாவின் குசுகுசுப்பு.

“சுவத்துல நிக்குதுங்க. எலைக்கு இன்னும் வரல” என்றேன் ஜன்னலிலிருந்து.

அது தொட்டிப் பக்கம் நெடுநேரம் பார்த்தது. இரண்டு பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காக்கை ஒரு எட்டு எடுத்துவைத்து, கழுத்தை நீட்டி, ஒரு பருக்கையை எடுத்தது. பிறகு வாய் நிறைய எடுத்தது.

“தின்னுதுங்க!”

சரசம்மா கண்ணை மூடிக் கைகூப்பினார். கூப்பிய கைக்குள் நீல நாடா இருந்தது. பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்து, வாயருகே வைத்துக்கொண்டு, மருமகளிடம் ரகசியம்போலப் பேசினார்.

“அம்மிணி, காக்கா வந்துருச்சு, எலை போடு... ரெண்டு எலை சேத்திப் போடு... ஆமா, மேல ஊட்டுக்காரவியளுக்கு... எங்கயா? எம்பக்கத்துலதான். வேறெங்க போடுவே?”

மறுமுனையில் என்ன கேட்டார்களோ. “நாஞ்சொல்றன்ல” என்று போனை வைத்துவிட்டு, அம்மாவின் முழங்கையைப் பற்றிக்கொண்டு எழுந்தார். இருவரும் தொட்டியைச் சுற்றி ஒரு அடிதான் வந்திருப்பார்கள். படிக்கட்டுக்குப் போக இலையைத் தாண்டித்தான் போகவேண்டும். காக்கை தின்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கியது.

சரசம்மா அம்மாவைப் பின்னால் இழுத்தார். இருவரும் மறுபடி கல்லில் உட்கார்ந்தார்கள்.

“கீழ எல்லாரும் பசியோட இருப்பாங்களேங்க” என்றாள் அம்மா.

“இருக்கட்டும். அவரு எப்பவுமே ஒரு வாய்க்கு ஒரு கத பேசித்தான் சாப்புடுவாரு” என்றார் சரசம்மா. “நீ சொல்லு. சோளக்காட்டுல மத்தியானச் சோத்துக்குக் கீழ எறங்குவீங்களா, பரண்மேலயேவா?”